ஃபுல் பாடி சிகாரைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி?

கேள்வி: துபாயிலிருந்து வந்த மாமா ஐந்து நிகரகுவா சிகார்களைக் கொடுத்தார். “ஃபுல் பாடி, பிரீமியம் சரக்கு” என்றார். நவம்பரில் மழை விட்ட ஒரு மாலை, மொட்டைமாடியில் ஒன்றைப் பற்றவைத்தேன். பாதி தாண்டியதும் ஒரே கசப்பு. இரண்டு முறை அணைந்தது. தலையும் சுற்றியது. சரக்கு மோசமா, இல்லை எனக்குத்தான் பிடிக்கத் தெரியவில்லையா? மீதி நான்கை எப்படிச் சுவைத்து மதிப்பிடுவது?

பதில்:

இப்போதைக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம். கசப்பும் அணைதலும் ஒரு கட்சி, தலைசுற்றல் வேறு கட்சி. முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். தலைசுற்றலுக்குக் காலி வயிறும் அவசரமும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் வெளியே வைத்த சிகார் இப்படித்தான் நடந்துகொள்ளும். அது எந்த நாட்டில் எந்தப் பெயரில் சுற்றப்பட்டது என்பதெல்லாம் அப்போது பொருட்டில்லை.

முதலில் ‘ஃபுல் பாடி’ என்ற சொல்லைச் சரிசெய்துகொள்வோம். கடைக்காரர்களே இதைக் குழப்புகிறார்கள். சிகாரில் மூன்று அளவுகோல்கள் உண்டு: பாடி, ஸ்ட்ரெங்த், ஃபிளேவர். பாடி என்பது வாய்க்குள் புகையின் கனம். ஸ்ட்ரெங்த் என்பது நிகோடினின் அடி. ஃபிளேவர் என்பது சுவை மணங்களின் அடர்த்தி. டிகாக்‌ஷனை நினைத்துப் பாருங்கள். சிக்கரி சேர்த்தால் காபி கெட்டியாகும், நிறம் ஏறும், நாக்கில் படியும். ஆனால் சிக்கரியில் கஃபீன் துளியும் இல்லை. கனம் வேறு, தூக்கம் கெடுப்பது வேறு. சிகாரிலும் அப்படியே. தலையைச் சுற்றவைத்துவிட்டு வாயில் தண்ணீர் போல ஓடும் புகையும் உண்டு. பால்கோவா போல நாக்கில் உட்கார்ந்துகொண்டு தலையைத் தொடாத புகையும் உண்டு. ஃபுல் பாடி சிகார்களில் நிகோடினும் பெரும்பாலும் தூக்கலாகவே இருக்கும் என்பதால்தான் இரண்டும் ஒன்று என்று ஆகிவிட்டது. மதிப்பிடும்போது மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

கனம் எங்கிருந்து வருகிறது என்றால், செடியின் உச்சியிலிருந்து. உச்சி இலைக்கு லிஹேரோ என்று பெயர். வெயிலை நேராக வாங்குவது அது. தடிப்பு, எண்ணெய், நிகோடின் மூன்றும் அதில் அதிகம். அதற்குக் கீழே மணத்துக்குப் பெயர்போன வீசோ, சேக்கோ. அடியில் சீராக எரிய உதவும் வொலாதோ. லிஹேரோ மெதுவாக எரியும் இலை என்பதால் சுற்றுபவர்கள் அதைச் சிகாரின் நட்ட நடுவில் வைப்பார்கள். ஓரம் தள்ளிப்போனால் அந்தப் பக்கம் எரியாமல் நிற்கும். நிகரகுவாவின் எஸ்தெலி பகுதி எரிமலை மண்ணில் விளையும் இலைக்கு மிளகுக் காரமும் கனமும் உண்டு. ஹோயா தே நிகரகுவாவின் அந்தான்யோ 1970, கியூபாவின் பொலிவர் போன்றவை இந்த முரட்டு வரிசை. பட்ரோன் 1964 வரிசை கனத்தை மெத்தென்று தரும் வகை.

வெளியே சுற்றிய மேலிலையான ராப்பர் கறுத்திருந்தால் சிகார் காட்டமாக இருக்கும் என்பது தப்புக் கணக்கு. மதூரோ என்னும் கரிய ராப்பரின் கறுப்பு நீண்ட நொதிப்பிலும் சூட்டிலும் வருவது. அது பெரும்பாலும் இனிப்பைத்தான் கூட்டும். பழுப்பு ராப்பருக்குள் லிஹேரோவைத் திணித்த சிகார் உங்களை உட்காரவைத்துவிடும்.

இனி ஈரம். சென்னைவாசிக்கு இந்தப் பதிலில் இதுதான் முக்கியம்.

புகையிலை அப்பளம் மாதிரி. சுற்றியுள்ள காற்றின் ஈரத்தைக் குடித்து நமத்துப்போகும், வறண்ட காற்றில் காய்ந்து நொறுங்கும். சிகாருக்கு ஏற்ற ஈரப்பதம் 62 முதல் 69 சதவீதம், வெப்பம் 18 முதல் 21 டிகிரி. வடகிழக்குப் பருவமழையில் நம் கடற்கரைக் காற்று 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். நமத்த சிகாரில் எரிகிற சூட்டின் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. இலை முழுசாக எரிவதில்லை. அணைந்துவிடுமோ என்று நீங்கள் பலமாக, அடிக்கடி இழுக்கிறீர்கள். தார் வாய்ப்பக்கம் சேர்ந்து கசக்கிறது. உள்ளிலை உப்பிப் புகைப்பாதையை அடைக்கிறது. சூட்டில் இன்னும் உப்பும்போது மேலிலை வெடிக்கிறது. அணைதல், கசப்பு இரண்டுக்கும் கதை இதுதான்.

“ஒரு ராத்திரி வெளியே எடுத்து வை, ஈரம் போய்விடும்” என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் யோசனை இங்கே தலைகீழாக வேலை செய்யும். வெளியே எடுத்துவைத்தால் இன்னும் ஈரமாகும். ஏசி ஓடும் அறையில் மூடியில்லாத டப்பாவில் ஒரு நாள் வைத்தால் ஓரளவு இறங்கும். அதைவிட நம்பகமான வழி: ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகா பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதில் ஈரப்பதத்தை ஒரே அளவில் நிறுத்தும் 65 சதவீத பொவேடா பாக்கெட் ஒன்று. 60 கிராம் பாக்கெட் ஒன்று இருபத்தைந்து சிகார் வரை தாங்கும். ஏற்கெனவே நமத்த சிகாருக்கு முதலில் 62 சதவீத பாக்கெட் போடலாம். மூன்று வாரமாவது விடுங்கள். நடு இலை வரை ஈரம் சமமாக அவ்வளவு காலம் பிடிக்கும். வெளியே தொட்டுப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று ஏமாறாதீர்கள். ஹ்யூமிடார் என்னும் அழகான மரச் சிகார் பெட்டியை வாங்கி இந்த ஊரில் மூடி இறுக்கமில்லாமல் அவதிப்படுவதைவிட இருநூறு ரூபாய் டப்பா மேல்.

ஈரமானியைக் கடைக்காரர் சொன்னார் என்று நம்பாதீர்கள். சோடா மூடியில் ஒரு டீஸ்பூன் உப்பை எடுத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் குழையுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் மானியையும் ஜிப் பையில் அடைத்து எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் விட்டால் 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் மானி நாலு கூட்டிச் சொல்கிறது என்று பொருள்.

சாதாரண ஃபிரிட்ஜில் சேமித்து வைக்கவே வேண்டாம். காயும், கூடவே நேற்றைய மீன்குழம்பு வாசனையும் ஏறும். ஃப்ரீசருக்கு மட்டும் ஒரு வேலை உண்டு. புகையிலை வண்டின் முட்டை இலையில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். வெப்பம் 24 டிகிரியைத் தாண்டிப் பல நாள் நின்றால் பொரிந்து, ஊசியால் குத்தியதுபோல ஓட்டை போடும். சென்னையில் அந்த வெப்பம் இல்லாத மாதம் எது? இரட்டை ஜிப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் ஒரு நாள், ஃப்ரீசரில் மூன்று நாள், மறுபடி ஃபிரிட்ஜில் ஒரு நாள், பிறகு வெளியே. நேராக ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் ராப்பர் விரிசல் விடும்.

மேலிலையில் வெள்ளைப் பூப்பு தெரிந்தால் “அது முதிர்ச்சியின் அடையாளம்” என்று சொல்வார்கள். நம் ஊரில் அதைப் பூஞ்சை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேலாக இருந்தால் துடைக்கலாம். பற்றவைக்கும் முனையில், உள்ளிலைக்குள் பஞ்சுபோல இருந்தால் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.

மூன்று வாரம் கழித்து ஒன்றை எடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து முனை முதல் முனை வரை மெல்ல அழுத்துங்கள். லேசாக அமுங்கி மீண்டும் எழ வேண்டும். கல்போன்ற முடிச்சு இருந்தால் அங்கே புகை அடைபடும். பொதபொதவென்ற இடம் இருந்தால் அங்கே சூடாக எரியும். அமுக்கும்போது சரசரத்தால் காய்ந்திருக்கிறது. ராப்பரில் லேசான எண்ணெய்ப் பளபளப்பு நல்லது. தடித்த நரம்புகள் அழகைக் கெடுக்குமே தவிரச் சுவையைக் கெடுக்காது. மெக்சிகோவின் சான் ஆந்த்ரெஸ், கனெக்டிகட் பிராட்லீஃப் ராப்பர்கள் பார்க்கக் கரடுமுரடுதான்.

திருச்சிச் சுருட்டு பிடித்துப் பழகியவர்களுக்கு ஒரு சொல். அது இரு முனையும் திறந்தது, வெட்ட வேண்டியதில்லை. உங்கள் சிகாருக்கு வாயில் வைக்கும் முனையில் இலைத்தொப்பி உண்டு. ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள். தொப்பி முடியும் கோட்டைத் தாண்டினால் ராப்பர் அவிழ்ந்துகொண்டே வரும். வெட்டியதும் பற்றவைக்காமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கும் அளவு தடை சரி. கெட்டி மில்க் ஷேக் உறிஞ்சுவதுபோல் இருந்தால் அடைப்பு. தடையே இல்லை என்றால் சூடாகவும் வேகமாகவும் எரிந்து காரல் அடிக்கும். இந்தக் காய்ந்த இழுப்பில் வரும் சுவையையும் குறித்துக்கொள்ளுங்கள். உலர்திராட்சை, வைக்கோல், கோகோ என்று எது வந்தாலும் சரி. அம்மோனியா நெடி மூக்கைக் குத்தினால் இலை முழுதாக நொதிக்கவில்லை என்று அர்த்தம். அதைச் சில மாதம் டப்பாவிலேயே தூங்கவிடுங்கள்.

பற்றவைக்க பியூட்டேன் லைட்டர் அல்லது நீள மரத்தீக்குச்சி. பெட்ரோல் லைட்டரின் வாசனை முதல் பாதி முழுக்கத் தொடரும். சுடரை முனையில் ஒட்டாமல், ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, சிகாரைச் சுழற்றியபடி விளிம்பு முழுதும் சாம்பல் பூக்கும்வரை வாட்டுங்கள். அப்பளம் சுடுவதுபோலத்தான், நெருப்பில் இட்டால் கருகல்தான் மிஞ்சும். பிறகு வாயில் வைத்து மெல்ல இழுத்து, முனையை ஊதிச் செந்தணல் வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். மொட்டைமாடியில் கடற்காற்று அடிக்கும் மாலை இதற்கு உகந்ததல்ல. ஒரு பக்கம் ஓடி எரியும், மணமும் காற்றோடு போகும். சுவைத்து எழுத உட்காரும் அன்று காற்றில்லாத பால்கனியே மேல்.

புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. சிகார் புகை அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை (ஆல்கலைன்) உள்ளது. அதிலிருக்கும் நிகோடின் வாயின் தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும். சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் பழக்கதோஷத்தில் உள்ளே இழுத்துத்தான் முதல் நாளே படுத்துவிடுகிறார்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். ரொபுஸ்டோ என்னும் 5 அங்குல நீளம், 50 ரிங் அளவு சிகார் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். ரிங் என்றால் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு. 50 என்பது ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் தடிமன். அரை மணியில் முடித்தால் நீங்கள் சுவைத்தது இலையை அல்ல, சூட்டை.

சுவையைப் பிடிக்கும் இடம் நாக்கு மட்டுமல்ல. நாக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி இவ்வளவுதான் சொல்லும். மிச்சமெல்லாம் மூக்கு. சளி பிடித்தால் ரசம் ருசிக்காதது இதனால்தான். ஆகவே வாயில் வாங்கிய புகையில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிட்டு, கடைசிக் கொஞ்சத்தை வாயை மூடி மூக்கு வழியாகத் தள்ளுங்கள். நெஞ்சுக்குப் போகக் கூடாது. ஃபுல் பாடி சிகாரில் இதை எல்லா இழுப்புக்கும் செய்தால் கண்ணில் தண்ணீர் வரும். ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை போதும். மிளகுக் குத்தல் இங்கேதான் தெரியும். அது எத்தனை நொடியில் அடங்கி எதாக மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். நல்ல சிகாரில் காரம் இனிப்பாகவோ கொட்டை வாசனையாகவோ மாறும். சுமாரானதில் காரம் காரமாகவே நின்று, பிறகு மூக்கு மரத்துப்போகும்.

வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் செடார், லெதர், எஸ்பிரஸோ என்ற சொற்களைக் கடன் வாங்கி எழுதாதீர்கள். மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடைக்குள் ஒரு நடை போய் மூக்கைத் திறந்து வையுங்கள். அதிமதுரம், சுக்கு, திப்பிலி, வசம்பு, ஜாதிக்காய் எல்லாம் அங்கே இருக்கின்றன. வீட்டில் வறுத்த மல்லி, தீய்ந்த சீரகம், கருப்பட்டிப் பாகு, டபராவின் அடியில் ஆறிய டிகாக்‌ஷன், வேர்க்கடலைத் தோல், முதல் மழையில் நனைந்த மண், புதுச் செருப்பு, தாத்தாவின் மரப்பெட்டி. இவற்றோடு ஒப்பிட்டு எழுதினால் ஆறு மாதம் கழித்தும் உங்களுக்கே விளங்கும். சிகார் பெட்டி செய்யும் ஸ்பானிஷ் செடார் உண்மையில் செடாரே இல்லை, வேப்பமரக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் பெட்டி வாசனையில் ஏதோ தெரிந்த கசப்பு அடித்தால் மூக்கைச் சந்தேகிக்க வேண்டாம்.

சிகாரை மூன்றாகப் பிரித்துக் குறிப்பெழுதுவது வழக்கம். முதல் மூன்றிலொன்றில் பெரும்பாலும் மிளகு முன்னால் நிற்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஃபுல் பாடியின் அசல் முகம் நடுப்பகுதி. அங்கே புகை கெட்டியாகி, இழுத்து விட்ட பிறகும் நாக்கின் பின்புறத்தில் அரை நிமிடமாவது சுவை தங்க வேண்டும். இரண்டு மூன்று சுவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க வேண்டும். கனம் மட்டும் இருந்து சுவை ஒன்றே ஒன்று என்றால் அது சத்தம், சங்கீதமல்ல. கடைசிப் பகுதியில் தணல் கிட்டே வருவதால் சூடும் தாரும் கூடும். இழுப்பின் இடைவெளியை ஒன்றரை நிமிடமாக்குங்கள். அப்படியும் கசந்தால், வெளிப்புறமாக ஒருமுறை ஊதித் தேங்கிய புகையைத் தள்ளிவிட்டுப் பாருங்கள். கசப்பு போய்விட்டால் குற்றம் உங்கள் வேகத்தில். மூன்று நான்கு இழுப்புக்குப் பிறகும் போகவில்லை, சிகாரும் நமத்துப்போகவில்லை என்றால் இலையில் குறை, மதிப்பெண்ணைக் குறைக்கலாம். விரல் சுடும்வரை பிடிப்பது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது சிலருக்கு. கசந்த இடத்தில் வைத்துவிடுவதே சரி.

ஒரு பக்கம் மட்டும் ஓடி எரிந்தால், எரியாத பக்கத்தைக் கீழ்ப்புறமாகப் பிடியுங்கள். தேறவில்லை என்றால் அந்த இடத்தில் மட்டும் சுடர் காட்டுங்கள். ஒரு சிகாரில் ஒருமுறை இப்படி ஆவது சகஜம், மூன்றாவது முறையானால் சுற்றியவர் இலையைத் தப்பாக வைத்திருக்கிறார். நடுவே குழியாக எரிந்து மேலிலை நிற்பதற்கு, மிக மெதுவாக இழுத்ததோ மேலிலை ஈரமாக இருந்ததோ காரணம். அணைந்தால் சாம்பலைத் தட்டி, ஒருமுறை ஊதி, பிறகு வாட்டிப் பற்றவைக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேலானால் பழைய சாம்பல் நாற்றம்தான் வரும். சாம்பல் எவ்வளவு நீளம் நிற்கிறது என்று போட்டோ எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட சாம்பல் முழு இலைகளால் சுற்றியதைக் காட்டும், அவ்வளவே. வெண்சாம்பல் மண்ணிலிருக்கும் மக்னீசியத்தைப் பொறுத்தது, தரத்தை அல்ல.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள். பிரியாணியும் வெற்றிலை பாக்கும் வாயில் இருக்கும்போது எந்தச் சிகாரும் ஒன்றுபோலத்தான் தெரியும். பக்கத்தில் தண்ணீர் அல்லது வெறும் சோடா. பன்னீர் சோடா வேண்டாம். சர்க்கரை போடாத ஃபில்டர் காபி பொருத்தமான துணைதான், ஆனால் மதிப்பெண் போடும் நாளில் அதுவும் வேண்டாம்.

மதிப்பெண்ணுக்கு என் பங்கீடு இது: இழுப்பும் எரிதலும் 30, சுவையின் தெளிவும் அடுக்கும் 40, மூன்று பகுதிகளில் நடந்த மாற்றம் 20, கடைசியில் வாயில் மிஞ்சியது 10. தோற்றத்துக்கு நான் எதுவும் கொடுப்பதில்லை, அது விற்பவரின் கவலை. சிகாரைச் சுற்றிப் பெயர் போட்டு ஒட்டிய காகிதப் பட்டையைப் பார்த்தால் மனம் மதிப்பெண்ணைக் கூட்டிவிடும். வீட்டில் யாரையாவது பட்டைமேல் காகிதம் சுற்றித் தரச் சொல்லுங்கள். நீங்களே கழற்றுவதானால் முதல் பகுதி எரிந்து பசை இளகிய பிறகு கழற்றுங்கள், முன்பே இழுத்தால் ராப்பர் கிழியும். கையால் சுற்றும் பொருள் என்பதால் ஒன்றை வைத்துத் தீர்ப்பு வேண்டாம். குறைந்தது இரண்டு, இடையில் ஒரு வாரம் விட்டு.

தலைசுற்றலுக்கு: குளிர்ந்த வியர்வை, விக்கல், குமட்டல் இவை நிகோடின் கூடிவிட்டதன் அடையாளங்கள். உடனே வைத்துவிட்டு, உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். ஒரு வில்லை வெல்லம் அல்லது சர்க்கரைத் தண்ணீர் பலருக்கும் கைகொடுக்கிறது. இதயத் தொந்தரவோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் இந்த வகையின் பக்கம் போகவே வேண்டாம். நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் உண்டு. பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலை இருக்கக்கூடும்.

அடுத்த முறை இங்கேயே வாங்குவதானால், முறையாக இறக்குமதியான பெட்டியில் 85 சதவீத எச்சரிக்கைப் படம் இருக்கும். படமில்லாத பெட்டி பளபளப்பாகவும் மலிவாகவும் கிடைத்தால் கடத்தல் அல்லது போலி. கண்ணாடி மூடி போட்ட கொஹிபா பெட்டி எங்கே கண்டாலும் நகருங்கள், அப்படியொன்றைக் கியூபா விற்பதில்லை. பிடிக்கும் இடத்துக்கும் சட்டம் உண்டு: 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் தடை. 30 அறையோ அதற்கு மேலோ உள்ள ஓட்டல்கள் புகைபிடிக்கத் தனி இடம் வைத்துக்கொள்ளலாம். அடுக்ககத்தின் பொது மாடி உங்கள் வீட்டு மாடி அல்ல. மேல் வீட்டு மாமி துணி காயப்போட்டிருக்கும் நேரத்தை விட்டுவிடுங்கள்.

உங்களிடம் மிச்சமிருக்கும் நான்கையும் இன்றே ஃப்ரீசர் சுற்றுக்கு அனுப்பி, பிறகு பொவேடா டப்பாவில் போடுங்கள். மார்கழியில் ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று. இரண்டும் சுத்தமாக எரிந்து, நடுப்பகுதியில் புகை கெட்டியாக நின்றால் மாமா சரியான சரக்குதான் கொடுத்திருக்கிறார். இரண்டிலும் அம்மோனியா குத்தினால் மீதி இரண்டை அடுத்த தீபாவளி வரை தொடாதீர்கள்.